இன்னும் ஒரே ஒரு கட்டுரை

வேலை செய்வது எப்படி என்று உலகத்தில் இத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணவருக்கு வேலை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நானும் மென்பொருள் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். வலைப்பதிவுகள் தெரியும், பாட வீடியோக்கள் தெரியும், 'இந்த வாரம் நீங்கள் படிக்க வேண்டியவை' என்று வாராவாரம் மின்னஞ்சலில் வந்து குவியும் குப்பையும் தெரியும். ஆனால் அதையே ஒரு ஆள் முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ள முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஹெட்போனைத் தலையில் கவிழ்த்து, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். இடுப்புக்குக் கீழே லுங்கி. தெருவில் போகிறவர்களுக்கு லுங்கி தெரியாது, சட்டை மட்டும்தான் தெரியும். அதுதான் ஏற்பாடு. வேலை போன விஷயம் வீட்டில் எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். தெருவுக்கு அவர் 'வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்'. யார் கேட்டாலும் என் மாமியார், "எல்லாம் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிடுது, எதுக்கு தெனம் மெட்ராசுக்கு அலையணும்?" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது கண்கூட இமைக்காது. நான் அலுவலக மீட்டிங்கில் ஒரு சின்னப் பொய் சொல்லக் குரல் நடுங்குகிறவள். பொய்யை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மாமியாரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சட்டைக்காகத்தான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. தாமதமாக எழுவது எப்படி நம் மூளையைக் கெடுக்கிறது என்று யாரோ எழுதியதை, ஒன்பது மணிக்கு எழுந்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு படிக்கிற மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் கவனம் கூடும் என்று படித்தார். காஞ்சிபுரத்தில் சித்திரை மாதம், மொட்டைமாடித் தொட்டியில் இருந்து பச்சைத் தண்ணீர் எங்கே வரும்? குழாயைத் திறந்தால் சாதம் வடிக்கலாம். ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அன்றைக்கு மத்தியானம் வெயிலில் இருந்து வந்த என் மாமனாருக்குக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் இல்லை. இன்னொரு நாள், வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஓய்வெடுக்க வேண்டும் என்று படித்தார். அதற்குத் தக்காளி வடிவத்தில் ஒரு கடிகாரம் வாங்கினார். அது மணி அடிக்கும்போதெல்லாம் மாமியார் குக்கர் விசில் என்று நினைத்து அடுப்படிக்கு ஓடுவார். ஆழ்ந்து வேலை செய்யக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு பதிவு சொன்னது. எங்கள் வீட்டில் கதவு என்று இருப்பது வாசலுக்கும் கழிப்பறைக்கும்தான். கூடத்தில் மாமனாரின் தறி. தறிக்கு இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் எங்கள் அறை, அதற்கு ஒரு திரைச்சீலை. எங்கே போய்க் கதவைச் சாத்துவது?

"இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது? ஒரு வரி கோடு எழுதினியா இன்னைக்கு?" என்று கேட்பேன்.

"மொதல்ல அடிப்படை சரியா இருக்கணும்பா. இன்னும் ஒரே ஒரு கட்டுரை, அது முடிஞ்சா ஆரம்பிச்சுடுவேன்" என்பார்.

அந்த ஒரே ஒரு கட்டுரையின் அடியில் இன்னும் பத்து கட்டுரைக்கு இணைப்பு இருக்கும்.

படிப்பு வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். பயனுள்ள பதிவுகள் இருக்கத்தான் இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் என்றே தெரியாத ஒரு பெண் எழுதுவதை நான் வருடக்கணக்காகப் படிக்கிறேன். அன்றைக்கு எது உடைந்தது, எங்கே தேடினேன், கடைசியில் என்னவாக இருந்தது, அவ்வளவுதான் எழுதுவார். இரண்டு பத்தி. படித்து மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நல்ல பதிவுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்: மூட விடுகிறதா? படிக்கப் படிக்க இன்னும் படி, இன்னும் படி என்று உட்கார வைக்கிற எதையும் நான் நம்புவதில்லை. நான் பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டது, பிழைச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்துத்தான். மீதிப் பாதி, வேலையை விட்டுப் போனவர்கள் எழுதி வைத்த நிரலைத் திட்டிக்கொண்டே படித்தது. இதைச் சொன்னால் என் கணவர், "அது உன் ஸ்டைல்" என்பார்.

ஸ்டைல் என்றால் அது என் அப்பாவிடம் இருந்து வந்தது. என் பிறந்த வீடு கூரம் கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன காலனியில். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா அதை விட்டு வெளியே வந்து, பெயின்ட் அடித்தார், மோட்டார் ரிப்பேர் செய்தார், லோடு ஆட்டோ ஓட்டினார், எங்கள் சர்ச்சில் மைக் செட்டும் பார்த்தார். அவருக்குத் தெரியாத தொழில் இல்லை. முழுதாகத் தெரிந்த தொழிலும் இல்லை. யார் எதற்குக் கூப்பிட்டாலும் "செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, போய் இறங்கிய பிறகுதான் அது என்ன வேலை என்றே பார்ப்பார். சில சமயம் மோட்டார் எரிந்திருக்கிறது. ஆனால் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, கையை வைப்பதற்கு முன்னால் மாதக்கணக்கில் யோசிக்கிற மனிதரைப் பார்த்தால் உடம்பெல்லாம் அரிக்கும்.

என் கணவர் வீட்டில் கதை வேறு. தறிக்காரர்கள். தறியில் உட்காருவதற்கு முன்னால் ஆக வேண்டிய வேலை ஒரு மலை அளவு இருக்கும். பட்டு வாங்கி, சாயம் போட்டு, நீளவாட்டில் ஓடுகிற இழைகளை எல்லாம் எண்ணி ஓட்டி, தெருவில் நீட்டிக் கஞ்சி தடவி, காய வைத்துச் சுருட்டி, அதன் பிறகு தறியில் ஏற்றி, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். நீளவாட்டு இழைகளின் இந்த மொத்தத் தொகுதிக்குத்தான் பாவு என்று பெயர். பாவு தயாராகாமல் யாரும் குறுக்கு இழையைத் தொடுவதில்லை. இது எனக்குக் கல்யாணம் ஆகி வந்த பிறகு தெரிந்தது. தெரிந்துகொண்டதற்காக வருத்தப்பட வேண்டிய நாளும் வந்தது.

ஏனென்றால் நான் வாயைத் திறந்தாலே மாமியார் பாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"பாவு சரியா வராம தறியில குந்த முடியுமாமா? அவன் பாவு போட்டுக்கினு இருக்குறான். அவசரப்பட்டா சேலை கோணிக்கினு போயிடும்."

மகனும் தலையாட்டுவார். தறியில் இருந்து மாமனாரும் ஒரு முறை தலையாட்டுவார். வீடே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாத மாமியாரிடம், நாள் முழுவதும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருக்கும் நான் தினமும் தோற்றுக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பாத்திரத்தைத் தேய்ப்பேன். அந்த மாதங்களில் எங்கள் பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன.

இந்த லட்சணத்தில்தான் என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தோழி ஒரு சின்ன நிறுவனத்தைப் பற்றிச் சொன்னாள். ஆள் தேடுகிறார்கள், ஒரு வேலை கொடுப்பார்கள், ஒரு வாரத்துக்குள் செய்து அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். நானே அவருடைய விவரங்களை அனுப்பினேன். வேலையும் வந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு ஊரின் பேருந்து நிறுத்தங்களையும் நேரங்களையும் கொடுத்து, அடுத்த வண்டி எப்போது என்று காட்டுகிற சின்னச் செயலி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தாமதமானால் பார்க்க மாட்டோம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

அவரைப் போன்றவருக்கு அது ஒன்றுமே இல்லை. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். இரவல் லேப்டாப்பில் ஓர் இரவில் எழுதியதை எங்கள் துறையே வாய் பிளந்து பார்த்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே நிறுவனத்தில், ஒரே வாடிக்கையாளருக்கு, ஒரே பழைய மென்பொருளை வருடக்கணக்காகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு, திட்டம் முடிந்தது, இப்போதைய தேவைக்கு உங்கள் திறமை பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காப்பி ஆறுவதற்குள் அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மாலை சென்னையில் இருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து வீட்டுக்குள் நுழைந்தால், கோப்புகளை எந்த வரிசையில் அடுக்கினால் நல்லது என்று ஒருவர் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நாள், அப்படி அடுக்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று வேறொருவர் எழுதியது. புதனும் வியாழனும் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. புதன்கிழமை, இரண்டு பேருமே தவறு என்று மூன்றாவது ஆள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு, ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வண்ணம். பேருந்து எங்கே என்று கேட்டால், "வந்துக்கினே இருக்குது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து, சேர்த்து வைத்திருந்த கட்டுரை இணைப்புகளை எல்லாம் அழித்தேன். மொத்தமாக. அழிக்கட்டுமா என்று கேட்டது. அழி என்றேன். நிஜமாகவா என்று கேட்டது. நிஜமாகத்தான் என்றேன். அத்தனை மாதத்தில் அவ்வளவு நிம்மதியாக எதையும் செய்ததில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அழிச்சுட்டியா?"

"ஆமா."

"பரவால்லபா, மூணு எடத்துல பேக்கப் இருக்குது" என்றார். பேக்கப் எடுப்பதன் அவசியம் பற்றி யாரோ எழுதியதைப் படித்தாராம்.

அன்றைக்குச் சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். நாளைக் காலையில் அவர்கள் வீட்டுப் பாவு தெருவில் நீட்டப்போகிறார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். எங்கள் தெருவில் இது ஒரு வழக்கம். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தறி இருக்கிற வீட்டில் இருந்து ஒருவர் போய் நிற்பார். நாளைக்கு நம் பாவுக்கு அவர்கள் வருவார்கள். கை வைத்துவிட்டால் காய்ந்து சுருட்டுகிற வரைக்கும் விட்டு வரக் கூடாது. மாமனாருக்கு முட்டி வீங்கியிருந்தது. "நான் வர்றேன்க்கா" என்றார் என் கணவர், ஜன்னலோரம் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு.

அவரை அறைக்குள் இழுத்து வந்து, திரைச்சீலைக்குப் பின்னால் குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்பணும். ஞாபகம் இருக்குதா இல்லையா?"

"பாவுக்கு வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"இத்தனை மாசமா வேலை இருக்குற மாதிரி நடிக்கிறியே. வேலை இருக்குறவன் மாதிரி மீட்டிங் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நடிக்கிறதையாவது ஒழுங்கா நடிக்கக் கூடாதா?"

அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் தெரு முழுக்கப் பாவு. அரக்குச் சிவப்பு. தெருவின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும், இடுப்பு உயரத்தில், மூங்கில் தாங்கிகளின் மேல் விரிந்து கிடந்தது. அந்த முனையைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். இந்த முனையில் கழியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டும். கஞ்சி காயக் காய இழுப்பு மாறும், அதற்குத் தக்கபடி தளர்த்தவோ இழுக்கவோ வேண்டும். அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர். பனியன், லுங்கி, தலையில் துண்டு. நிம்மதியாக நின்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஏழு மணி ஆனது. எட்டு ஆனது. நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எட்டரைக்குப் பட்டுச்சேலை வாங்க வந்த வெளியூர்க் கார் ஒன்று தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. அக்காவின் கணவர், "பாவு கெடக்குது தெரியல? ரிவர்ஸ்ல போபா!" என்று கத்தினார். கார் வந்த வழியே பின்னோக்கிப் போனது. பாவுக்குக் காரே வழி விடுகிறது, பத்து மணி வழி விடுமா? அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"கழியைக் கொடுங்க" என்றேன். தெருவில் அவரை வாங்க போங்க என்றுதான் சொல்வேன்.

"உனக்கு இது தெரியாது."

"தெரிஞ்சுக்கிறேன். நீங்க உள்ள போங்க. ஒன்றரை மணி நேரம்தான் இருக்குது."

தெரு எங்களைப் பார்த்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்தத் தெருப் பாவில் நான் கை வைத்ததில்லை. யாரும் வைக்காதே என்று சொன்னதில்லை, வா என்று கூப்பிட்டதும் இல்லை. வேறு மதத்துப் பெண், வேறு ஆட்கள் என்று யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே அது அப்படி இருந்தது. அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம், "செருப்பைக் கழட்டிட்டு வாமா" என்றார். கழற்றினேன். "ரெண்டு கையாலயும் புடி. நான் சொல்லும்போது இழு, சொல்லும்போது தளத்து. நீயா எதுவும் பண்ணாத." கழி என் கைக்கு வந்தது. நினைத்ததைவிடப் பலமாக இழுத்தது. முதல் இரண்டு நிமிஷம் நான்தான் பாவோடு போய்விடுவேன் போல இருந்தது.

என் கணவர் உள்ளே போனார். என் அலுவலகத்தில் அப்போது ஒரு மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. நான் இல்லாமலேயே நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே நின்றபோதுதான் நான் பார்த்தேன். பாவு அறுந்துகொண்டே இருந்தது. இங்கே ஒரு இழை, அங்கே ஒரு இழை. நாலைந்து பேர் நடந்துகொண்டே இருந்தார்கள். தொங்குகிற இழையைப் பார்த்ததும் இரண்டு முனையையும் சேர்த்து விரலால் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். யாரும் பதறவில்லை. யாரும் நின்று யோசிக்கவில்லை. கஞ்சி தடவுகிறவர் பாதி தூரம் போயிருக்கிறார், பின்னால் அறுகிறது, பின்னால் வருகிறவர் முடிச்சுப் போடுகிறார். தறியில் ஏறின பிறகும் இப்படித்தானா என்று அக்காவிடம் கேட்டேன். "பின்ன? நெய்ய நெய்ய அறுந்துக்கினுதான் இருக்கும்" என்றார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இது என்ன கேள்வி என்பது போல.

எனக்கு ரத்தம் கொதித்தது. இதையா இத்தனை மாதம் என்னிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்? எல்லாம் சரியான பிறகுதான் தறியில் உட்கார வேண்டும் என்று? அம்மாவும் மகனும் தலையாட்டித் தலையாட்டி என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். பாவு முழுதாகச் சரியாக இருந்த நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை. பத்து மணி ஆகட்டும், கழியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மாமியார், மாமனார், மகன் மூன்று பேரையும் உட்கார வைத்து இதைக் கேட்கிறேன் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். முதல் வாக்கியம், இரண்டாம் வாக்கியம் எல்லாம் தயார். வெயில் ஏறிவிட்டது. தோள்பட்டை விட்டுப்போனது.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் வாசலுக்கு வந்தார். ஒரு கையில் லேப்டாப், திறந்தபடி. வெயிலில் திரை தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேராகத் தெருவைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார்.

"அனுப்பட்டா?"

"முடிச்சாச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"ஒன்றரை மணி நேரத்துலயா?"

அவர் திரையைப் பார்த்தார். "திங்கக்கிழமையே முடிஞ்சிடுச்சுபா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை என்றால்? நான் ரயிலில் நின்றுகொண்டு வந்த அன்றைக்கா? பிறகு எதற்கு அத்தனை கட்டுரை?

"சரியா இருக்குதான்னு பாக்கத்தான் படிச்சேன். ஒருத்தன் சரின்றான், ஒருத்தன் தப்புன்றான். மாத்துவேன். திரும்ப படிப்பேன், திரும்ப மாத்துவேன்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "அனுப்பினா வேணாம்னு சொல்லிடுவாங்க. படிச்சுக்கினு இருக்குற வரைக்கும் யாரும் எதுவும் சொல்ல முடியாது இல்ல? நீயே அழுத்திடேன்."

லேப்டாப்பை என் பக்கம் நீட்டினார். என் இரண்டு கையிலும் கழி. விட்டால் அக்கா வீட்டுப் பாவு முழுக்கத் தெருவில் விழும். அவர் அழுத்த மாட்டார், என்னால் அழுத்த முடியாது. திரையின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"இன்னாபா அது? இன்னாத்த அனுப்பணும்?" என்றார் அக்கா.

என் கணவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வீட்டு வாசலில் வந்து நின்ற அவருடைய அம்மாவைப் பார்த்தார். மாமியார் வாயைத் திறந்தார், ஏதோ ஒன்று சொல்லிச் சமாளிக்கத்தான். அதற்குள் மகன் சொல்லிவிட்டார்.

"வேலைக்குக்கா. எனக்கு வேலை போயி மாசக்கணக்கா ஆவுது."

சத்தமாகத்தான் சொன்னார். தெருவில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. கஞ்சிக்காரர் கையை நிறுத்தினார். அக்கா மட்டும் நிறுத்தவில்லை, கையில் இருந்த இழையை முடிந்துகொண்டே சொன்னார்.

"அது தெரியும்பா. தெனம் ஸ்டேஷனுக்கு ஓடுற ஆளு திடீர்னு நின்னா தெரியாதா? மூஞ்சப் பாத்தாவே தெரியுதே. கேட்டா உனுக்குச் சங்கடம்னு நாங்க யாரும் கேக்கல." பிறகு என் பக்கம் திரும்பி, "இழுமா, தொங்குது பாரு" என்றார்.

இழுத்தேன். இத்தனை மாதமும் என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது யாருக்காக? இந்தத் தெருவுக்காக. தெரு அந்தச் சட்டையையே நம்பவில்லை. வேலை போனதைவிட அதை மறைக்கத்தான் அவர் அதிகம் உழைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

"அனுப்புடா!" என்று கத்தினேன். தெரு, மாமியார், வாங்க போங்க எல்லாம் மறந்துபோனது.

"அட அனுப்புபா, மணி ஆவுதில்ல!" என்று கஞ்சிக்காரரும் கத்தினார். எதை, யாருக்கு என்று அவருக்குத் தெரியாது.

என் கணவர் ஒரு விரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "போயிடுச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையிலும் கழி இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை, மூக்கு வேறு ஒழுகியது. எதிரே நின்ற மனிதர் லேப்டாப்பை ஜாக்கிரதையாக மூடிக்கொண்டிருந்தாரே தவிர, தலையில் இருந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அக்காதான் வந்து முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டுப் போனார். பாவு காய்ந்து சுருட்டி முடிக்கப் பதினொரு மணிக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு தெருவே பதிலுக்குக் காத்திருந்தது. பால் வாங்கப் போனால் கேட்டார்கள், குப்பை போடப் போனால் கேட்டார்கள். "இன்னாமா, பதிலு வந்துச்சா?" முன்பு ஒரு பொய்யைச் சுமந்தோம், இப்போது தெருவுக்கே தினமும் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. எது தேவலை என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பதில் அடுத்த வாரம் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். அவர் வாசலுக்குப் போவது தெரிந்தது. சட்டை போட்டிருக்கவில்லை, பனியனோடுதான் போனார். எதிர்வீட்டைப் பார்த்து அவர் குரல் கேட்டது.

"வேணாம்னுட்டாங்கக்கா."

"அய்ய. போனா போவுது. வேற எங்கனா போட்டுப் பாரேன்."

"ரெண்டு எடத்துக்கு நேத்தே போட்டுட்டேன்."

கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். நேற்று முழுக்க நான் அதே வீட்டில்தான் இருந்தேன். நீயே அழுத்திடேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.